பெரிய எழுத்துத் தாள்கள்

கெட்ட எண்ணத்தோடு நான் செய்த தப்புகளை ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தேறவில்லை. யாரிடமாவது வெடுக்கென்று பேசியிருப்பேன், ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு காரியம்தான் இன்றுவரை என்னை விடவில்லை. பள்ளிக்கூடமே கைதட்டிப் பாராட்டிய காரியம் அது.

நான் தமிழாசிரியை. வீடு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது தெரியும். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதே சமயம் ஒரு பிள்ளைக்கு ஒன்று என்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நான்தான் நிற்பேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். ஊர் சுந்தரபாண்டியம். அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர், அம்மா வயக்காட்டுக் கூலி வேலைக்குப் போகிறவர். சேர்ந்த ஒரு வாரத்திலேயே வகுப்பில் அவளுக்கு 'நடிப்பு' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. காரணம் இருந்தது. வாசலோரம் இருக்கிற தண்ணீர்க் குடத்தில் தினமும் இடித்துக்கொள்வாள். பக்கத்தில் நிற்கிறவள் நோட்டை நீட்டினால் வாங்காமல் நேரே பார்த்துக்கொண்டிருப்பாள். சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வெளிச்சம் மங்கிவிட்டால், கூட வருகிறவளின் பை வாரைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போவாள். ஆனால் அதே பிள்ளை தையல் வகுப்பில் ஊசிக்கு ஒரே குத்தில் நூல் கோத்துவிடுவாள். மாத்திரை அட்டையின் பின்னால் பொடியாக அச்சடித்திருப்பதைப் படிப்பாள். வடை மடித்து வந்த காகிதத்தை எண்ணெயோடு விரித்து வைத்து, நியூஸ் எங்கே பாதியில் அறுந்திருக்கிறதோ அதுவரை படிப்பாள்.

"ஊசி தெரியுதாம், குடம் தெரியலையாம்" என்று மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் ஒருமுறை கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எழுத்து என்று எதைக் கண்டாலும் அவளுக்கு விடக்கூடாது. வாரத்துக்கு ஒரு லைப்ரரி வகுப்பு உண்டு. மற்ற பிள்ளைகள் படம் போட்ட புத்தகத்துக்கு அடித்துக்கொள்ளும்போது, இவள் அலமாரியின் கீழ்த்தட்டில் யாரும் தொடாத தடிப் புத்தகங்களை எடுப்பாள். பழைய அச்சு, பொடி எழுத்து, பக்கம் பழுப்பேறியிருக்கும். ஜன்னலுக்கு நேராக வெயிலில் உட்கார்ந்து மணி அடிப்பது கேட்காமல் படிப்பாள்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஸ்டாஃப் ரூமுக்குள் வரத் தயங்கி வெளியிலேயே நின்றார்.

"மதுரை கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தோம் டீச்சர். மாலைக்கண்ணுன்னு நெனச்சு இம்புட்டு நாளும் ஈரலும் முருங்கைக்கீரையுமா ஆக்கிப் போட்டேன். அது இல்லையாம். கண்ணுக்குள்ள இருக்குற தெரை கொஞ்சங்கொஞ்சமா கெட்டுக்கிட்டு வருதாம். மருந்து கெடையாதாம். இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ படிக்கக் கண்ணு இருக்கும்னாவ. பொறவு சொல்ல முடியாதுன்னுட்டாவ."

அதுவரை நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் அங்கே உடைந்துவிட்டார். "நான் எங்க மாமனைத்தான் டீச்சர் கட்டுனேன். சொந்தத்துல கட்டுனதாலகூட வரும்னு அந்த டாக்டரம்மா சொல்லுது. தெரிஞ்சிருந்தா கட்டியிருப்பனா? எம்பிள்ளைக்கு நானே வெனைய வச்சேனே டீச்சர்."

நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஃபைலை வாங்கிப் பிரித்தேன். மேலே சான்றிதழ். அதற்கு அடியில் ஒரு தாளில் இரண்டு வட்டங்கள் அச்சாகியிருந்தன. இரண்டும் கன்னங்கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு பொட்டு அளவு வெள்ளை. என்னவோ டெஸ்ட் என்று திருப்பிவிட்டேன். அந்தத் தாளில்தான் எல்லாம் இருந்தது. அந்தப் பிள்ளை உலகத்தை எப்படிப் பார்க்கிறாள் என்பதைப் படமாகவே போட்டுக் கொடுத்திருந்தார்கள். புரியவில்லை என்றால் யாரையாவது கேட்டிருக்கலாம். எனக்குச் சான்றிதழில் இருந்த 'பார்வைக் குறைபாடு' என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பார்வை குறைவு என்றால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மாவிடம் சொன்னேன். "அழாதீங்க. படிப்பை நான் பாத்துக்கிறேன். நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. வீட்டுல பொடி எழுத்து எதையும் படிக்க விடாதீங்க. கண்ணைக் கெடுத்துக்குவா. இருக்கிற பார்வையை மிச்சம் பிடிச்சு வைக்கணும்."

எந்த டாக்டரும் சொல்லாததை நான் சொன்னேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே லைப்ரரி வகுப்பில் அவள் கையிலிருந்த தடிப் புத்தகத்தை வாங்கினேன். "ஏட்டி, இதப் படிச்சா இருக்கிற கண்ணும் போயிரும். குடு." அவள் உடனே விடவில்லை. விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டே, "இன்னுங் கொஞ்சந்தான் டீச்சர் இருக்கு" என்றாள். நான் இழுத்தேன். விரல் வெளியே வந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டி, லைப்ரரிப் பொறுப்பு டீச்சரிடமும் சொல்லி வைத்தேன், இவளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று.

பிறகு என் வேலை ஆரம்பமானது. பாடத்துக்குப் பாடம் சுருக்கம், கேள்வி பதில், செய்யுள் விளக்கம் எல்லாவற்றையும் தடித்த மார்க்கர் பேனாவால் நானே எழுதினேன். தேரடிப் பக்கம் ஒரு பாயுடைய ஜெராக்ஸ் கடை உண்டு. அங்கே கொடுத்து இன்னும் பெரிதாக்கி, பெரிய தாளில் எடுத்து வருவேன். என்னைப் பார்த்துக் கணக்கு டீச்சரும் சயின்ஸ் டீச்சரும் எழுத ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் ஓரம் வெட்டி, ஓட்டை போட்டு நூலால் கட்டினார்கள். 'நடிப்பு' என்று கூப்பிட்ட பிள்ளைகளே அந்தக் கட்டை அவளுக்காகச் சுமந்து வந்தார்கள். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி காலை பிரேயரில் என்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். அவளை மேடைக்குக் கூப்பிட்டு, தாளைப் பிடித்துப் படிக்கச் சொன்னார். அவள் தாளை முகத்துக்கு எதிரே தூரமாக, கை நீளும் மட்டும் நீட்டிப் பிடித்தாள். தலையை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, சுவரில் போகிற எறும்பைப் பின்தொடர்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் படித்தாள். ஒரு வரி முடிய அவ்வளவு நேரம் ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள். பாவம், இந்த எழுத்தும் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன். பக்கத்துக்கு ஆறு வரி இருந்தது நாலானது. பத்தாம் வகுப்புக்குப் போனபோது இரண்டே வரி. அவள் எவ்வளவுக்குத் திணறினாளோ அவ்வளவுக்கு நான் பெரிதாக்கினேன். வகுப்புத் தேர்வுக் கேள்வித்தாளையும் அப்படியே பெரிதாக்கிக் கொடுத்தேன். மார்க் இறங்கிக்கொண்டே வந்தது.

"தெரியுதாடி?" என்று கேட்பேன்.

"தெரியுது டீச்சர்."

வேறு என்ன சொல்வாள்? இத்தனை பேர் கை வலிக்க எழுதிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை. ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு காலாண்டில் தமிழில் அவள் பாதிக் கேள்வியை விட்டிருந்தாள். ஏன் என்று அதட்டினேன். "பெருசா இருந்தா எழுத்து ஓடிருது டீச்சர்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுத்துக்குக் காலா மொளச்சிருக்கு?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது ஜெராக்ஸ் கடை பாய் ஒரு விஷயம் சொன்னார். "டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க பெருசாக்கி வாங்கிட்டுப் போறதை, அந்தப் பிள்ள ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துட்டு வந்து சின்னதாக்கித் தாங்கண்ணேன்னு நிக்கிது. எம்புட்டு சின்னதா வருமோ அம்புட்டு சின்னதா வேணுமாம். நானும் போட்டுத்தான் குடுக்கேன். எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்களுக்கு வெளங்குதா?"

எனக்கு விளங்கவில்லை. ஆனால் கோபம் மட்டும் வந்தது. மறுநாள் அவள் பையைத் திறக்கச் சொன்னேன். கணக்கு நோட்டுக்குள் உள்ளங்கை அளவில் மடித்த தாள்கள் இருந்தன. என் கையெழுத்துதான், கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. "கண்ணை வித்துச் சித்திரம் வாங்குறியா? நாங்க எல்லாம் கேனச்சியா? உனக்காக இந்தப் பள்ளிக்கூடமே உழைக்குது, நீ கண்ணைக் கெடுத்துக்கிட்டுத் திரியுற" என்று வகுப்பில் வைத்தே கத்தினேன். அத்தனையையும் கிழித்துப் போட்டேன். அவள் அழவில்லை. "இனிமே செய்ய மாட்டேன் டீச்சர்" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்தச் சின்னத் தாள்களில்தான் அவள் அதுவரை படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு சிறப்பாசிரியர் ஒருவர் வந்தார். இம்மாதிரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளி பள்ளியாகப் போகிறவர். அதுவரை எங்கள் பள்ளிப் பக்கம் யாரும் வந்ததில்லை. நானும் யாரையும் கூப்பிட்டதில்லை, கூப்பிட என்ன அவசியம் என்று இருந்தேன். சின்ன வயதுக்காரர்தான். பொதுத்தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பம் எழுதுவதற்காக அவள் ஃபைலை வாங்கிப் பார்த்தார். அந்த வட்டப் படத்தில் அவர் கண் நின்றது. பிறகு மேஜை மேல் நான் பெருமையாக அடுக்கி வைத்திருந்த தாள்களைப் பார்த்தார்.

"இது யாரு எழுதுனது டீச்சர்?"

"நான்தான்" என்றேன்.

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பென்சில் நுழைகிற அளவுக்கு இறுக்கமாகச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். "ஒரு கண்ண மூடிட்டு, இத இன்னொரு கண்ணுல வச்சுக்கிட்டு, நீங்க எழுதுனதப் படிங்க."

வைத்துப் பார்த்தேன். ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. குழலை நகர்த்தினேன், ஒரு வளைவு தெரிந்தது. அது 'க'வா 'த'வா என்று தெரியவில்லை. என் எழுத்தையே என்னால் படிக்க முடியவில்லை. அவர் பாடப்புத்தகத்தைத் திறந்து அடியில் பொடியாக இருக்கிற சொற்பொருள் பகுதியைக் காட்டினார். குழலை அங்கே கொண்டுபோனேன். ஒரு வார்த்தை முழுதாகத் தெரிந்தது. அடுத்த வார்த்தையும் தெரிந்தது. தடையில்லாமல் ஒரு வரி படித்துவிட்டேன்.

அப்புறம் தலையைத் தூக்கி, குழலோடு அறையைப் பார்த்தேன். நாற்காலி இல்லை, வாசல் இல்லை, எதிரே நின்ற அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று மட்டும் இருந்தது. குடத்தில் ஏன் இடித்துக்கொள்வாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பொடி எழுத்தப் படிச்சா கண்ணு போயிரும்னு..." என்று நான் இழுத்தேன்.

"படிச்சா தேயாது டீச்சர். படிக்காம இருந்தாலும் மிஞ்சாது" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பல இடத்தில் இதையே அவரிடம் கேட்டிருப்பார்கள் போல.

நான் லைப்ரரிக்கு ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், வராந்தாவில் பிள்ளைகள் பார்த்தார்கள். அலமாரியைத் திறந்து அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து வந்து, அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டு, ஜன்னல் வெயிலில் உட்கார வைத்துக் கையில் கொடுத்தேன். "படிடி" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், திரும்பவும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இப்பத் தெரியல டீச்சர்" என்றாள். "மார்கழியில இருந்தே எல்லாம் பனி மாதிரிதான் இருக்கு."

மதுரைக்குத் திரும்பவும் கூட்டிப் போனார்கள். நடுவில் இருந்த அந்த வெள்ளைப் பொட்டும் கலங்கிவிட்டது என்றார்கள். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ என்று சொன்னதில் ஒன்றேகால் வருஷம்தான் கிடைத்திருந்தது. அந்த ஒன்றேகால் வருஷத்தில் அவள் ஆசைப்பட்டதை எல்லாம் படித்திருக்கலாம். எத்தனையோ புத்தகம் படித்திருப்பாள். அதற்குத்தான் நான் பூட்டுப் போட்டேன். இருந்த கண்ணை நான் எடுக்கவில்லை, அது எப்படியும் போயிருக்கும், ஆனால் அது இருந்த காலத்தை நான் எடுத்துக்கொண்டேன். இதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் ஆறுதலாக ஒன்றும் வரவில்லை.

பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல வேறு பள்ளி டீச்சர் ஒருவர் எழுதினார். நாங்கள் மாறி மாறி வாசித்துக் காட்டியதைக் காதால் கேட்டே படித்திருந்தாள். பாஸாகிவிட்டாள், நல்ல மார்க்கும் கூட. இப்போது மதுரையில் காலேஜில் படிக்கிறாள். போன் அவளுக்குப் படித்துக் காட்டுகிறது. அது பேசுகிற வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது.

எனக்கும் சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. கண் குறைவு என்று ஒரு பிள்ளை வந்தால் முதலில் ஒன்றும் செய்வதில்லை. பல அளவில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்து, எது தோதாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எந்த இடத்தில் உட்கார்ந்தால் கூசவில்லை, எந்தப் பக்கத்திலிருந்து பேசினால் ஆள் தெரிகிறது என்று அவர்களே சொல்லும்வரை காத்திருப்பேன். "தெரியுது டீச்சர்" என்று சொன்னால் நம்புவதில்லை, திரும்பக் கேட்பேன். வாய் நீளமான எனக்கு இது லேசான வேலை இல்லை.

வருஷா வருஷம் பொங்கல் சமயத்தில் அவளும் அவள் அம்மாவும் ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வருவார்கள். கையில் ஒரு கட்டு பனங்கிழங்கு இருக்கும். அந்த அம்மா உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஆரம்பித்துவிடுவார், இந்த டீச்சர் மட்டும் இல்லை என்றால் என்று. அந்தப் பிள்ளை பக்கத்தில் சும்மா இருப்பாள். அவள் ஒருதரமும் ஆமாம் என்று சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

இந்த வருஷம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த அம்மா கிழங்கை அலசக் கொல்லைப் பக்கம் போனபோது அவளிடம், "உங்கம்மாட்ட இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லப் போறேன். இப்படிக் கும்பிடு வாங்கிக்கிட்டே இருக்க என்னால முடியல. உன்கிட்டயும் கேக்கணும். மன்னிச்சிருன்னு சொன்னா போதாதுன்னு தெரியும்" என்றேன்.

"கோவம் இருந்துச்சு டீச்சர். ரொம்ப நாள் இருந்துச்சு. இப்ப இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாட்ட மட்டும் சொல்லாதீங்க."

"ஏன்டி?"

"அந்த ஒரு வருசமும் வீட்டுல இருந்த காயிதம் எல்லாத்தையும் எங்கம்மாதான் டீச்சர் அடுப்புல போட்டுச்சு. மளிகைச் சாமான் வந்தாக்கூட, டப்பாவுல கொட்டிட்டு, நான் எடுக்கறதுக்குள்ள அந்தப் பேப்பர எரிச்சிரும். நீங்க சொல்லியிருக்கீகன்னு. நான் அழுவேன், அதுவும் அழுதுக்கிட்டேதான் எரிக்கும். ஏற்கனவே மாமனக் கட்டுனதாலதான் இப்படின்னு கெடந்து மறுகுது. இதுவும் தெரிஞ்சா தாங்காது டீச்சர்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அந்த அம்மா உள்ளே வந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எம்புட்டு பெரிய எழுத்தா எழுதிக் குடுத்தீக டீச்சர். நானும் ஒரு பொடி எழுத்த அவ கண்ணுல காட்டலையே. நாம ரெண்டு பேரும் அம்புட்டு பாத்ததாலதான் அது பத்தாவது வரைக்குமாவது கண்ணோட படிச்சுச்சு. இல்லையா டீச்சர்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"ஆமா" என்றேன்.